ஃபார்மேட் அடித்த பிறகு லைசென்ஸ்: கீ கையில் இருந்தால் போதுமா?

நவம்பர் 3, காலை 10.40 – கேள்வி

எல்லா மென்பொருளின் கீயும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சி டிரைவைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 புதிதாகப் போடப் போகிறேன். கீ இருக்கும்வரை எதுவும் மறுபடி ஆக்டிவேட் ஆகிவிடும் என்பது என் கணக்கு. முதலில் டீஆக்டிவேட் செய், சைன் அவுட் செய் என்பதெல்லாம் வெட்டி வேலை. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லவும்.

நவம்பர் 3, காலை 11.15

இல்லை என்பேன். இன்னும் ஃபார்மேட் அடிக்கவில்லை என்றால் மவுஸிலிருந்து கையை எடுங்கள்.

கீ உங்களிடம் இருக்கிறது. அந்தக் கீ எத்தனை கணினியில் உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு விற்றவரின் சர்வரில் இருக்கிறது. டிஸ்கைத் துடைத்தால் உங்கள் பக்கத்துப் பதிவு மட்டும்தான் போகும், சர்வரில் பழைய கணினி அப்படியே நிற்கும். புதிய ஓஎஸ்ஸில் அதே கீயைப் போட்டதும் அது உங்களை இன்னொரு கணினியாக எண்ணிக்கொள்ளும். இரண்டு கணினிக்கு அனுமதி என்றால் முதல் ஃபார்மேட்டில் தப்பிவிடுவீர்கள், இரண்டாவதில் மாட்டுவீர்கள். "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கு இதுதான் பதில். போன தடவை மிச்சமிருந்த இடத்தைச் சாப்பிட்டாயிற்று.

விண்டோஸ் மட்டும் இதில் விதிவிலக்கு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

நவம்பர் 3, மதியம் 2.05

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது. அந்தக் கணினி ஒருமுறை ஆக்டிவேட் ஆகியிருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரில் அதன் வன்பொருள் அடையாளம் பதிவாகியிருக்கும். இதற்குப் பெயர் டிஜிட்டல் லைசென்ஸ். மறுபடி நிறுவும்போது கீ கேட்டால் 'ஐ டோண்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ' என்பதை அழுத்திவிட்டு, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். நோட்டில் இருக்கும் கீ இங்கே தேவையே இல்லை.

இன்னொன்று. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் கீ பயாஸுக்குள்ளேயே (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கும். வன்பொருள் விவரத்தை ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணைகளில் எம்எஸ்டிஎம் என்று ஒன்று, கீ இருப்பது அதில். விண்டோஸ் நிறுவி (செட்டப்) அதைத் தானே படித்துக்கொள்ளும். அடியில் ஸ்டிக்கர் இல்லையே என்று தேடவேண்டாம்.

நவம்பர் 3, மதியம் 2.20

மேலே சொன்னதில் ஒரு குழி இருக்கிறது. எம்எஸ்டிஎம் கீ ஹோம் பதிப்புக்கு. நீங்கள் பிறகு காசு கொடுத்து ப்ரோவுக்கு மாறியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவி உங்களை எதுவும் கேட்காமல் ஹோமைப் போட்டுவிடும். அப்போது ப்ரோ லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதிப்பு பொருந்தாததால் சர்வர் அதைத் தரவில்லை, அவ்வளவுதான்.

வழி: விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் 'சோர்சஸ்' ஃபோல்டருக்குள் ஈஐ.சிஎஃப்ஜி என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வையுங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'சேனல்', அடுத்த வரியில் 'ரீடெய்ல்'. மூன்றாவது வரியில் அடைப்புக்குறிக்குள் 'விஎல்', நான்காவதில் 0. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான், இங்கே ஒலிப்பில் தருகிறேன். கீழே வரும் கட்டளைகளுக்கும் இதே. இந்தக் கோப்பு இருந்தால் நிறுவி பதிப்புப் பட்டியலைக் காட்டும்.

நவம்பர் 3, மாலை 6.30 – கேட்டவர்

அப்படியானால் என் நோட்டில் இருக்கும் விண்டோஸ் கீ எதற்கு? ஒரு கீ காட்டும் கருவியை ஓடவிட்டு எழுதியது. 3வி66டி என்று முடிகிறது.

நவம்பர் 3, மாலை 6.50

நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். 3வி66டி என்று முடிவது ப்ரோவின் பொதுக் கீ. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள ப்ரோ கணினிகள் பலவற்றில் அதேதான் காட்டும். ஹோமுக்கு 8எச்விஎக்ஸ்7. அது பதிப்பை மட்டும் சொல்லும், எதையும் ஆக்டிவேட் செய்யாது. நீங்கள் பத்திரமாக வைத்திருப்பது கோடிப் பேரிடம் இருக்கும் ரகசியம்.

உண்மையான பயாஸ் கீ வேண்டுமென்றால் பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வழியாக சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் என்பதைக் கேட்டு, அதில் ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்பிராடக்ட்கீ என்ற மதிப்பைப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் டபிள்யூமிக் கட்டளை இருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை, 'கட்டளை இல்லை' என்று வந்தால் குழம்பாதீர்கள். விடை வெறுமையாக வந்தால் பயாஸில் கீ கிடையாது.

ஓஎஸ்ஸே கிளம்பவில்லையா? லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஏறி, /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/டேபிள்ஸ்/எம்எஸ்டிஎம் கோப்பை ரூட் உரிமையோடு திறந்தால் கடைசியில் 25 எழுத்தும் தெரியும்.

நவம்பர் 4, காலை 7.10

ஸ்டிக்கர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பழைய டெஸ்க்டாப், பாதி எழுத்து தேய்ந்துவிட்டது, 8-ஆ பி-யா, 0-வா கியூ-வா தெரியவில்லை என்று.

மைக்ரோசாஃப்ட் கீகளில் 24 குறிகள்தான் வரும்: பி, சி, டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எம், பி என்று ஒலிக்கும் இன்னொன்று, கியூ, ஆர், டி என்று ஒலிக்கும் இன்னொன்று, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், எண்களில் 2, 3, 4, 6, 7, 8, 9. விண்டோஸ் 8-க்குப் பிந்தைய கீகளில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் உண்டு. ஆக 0, 1, 5 வரவே வராது. ஓ, ஐ, எஸ், எல், இசட் கிடையாது. ஏ, ஈ, யூ என்ற உயிரெழுத்துகளும் கிடையாது. சைபர் போலத் தெரிந்தால் அது கியூ, டி, ஜி ஆகியவற்றில் ஒன்று. 5 போலத் தெரிந்தால் 6 போட்டுப் பாருங்கள். 8-க்கும் பி-க்கும் நடுவில்தான் உண்மையாகவே ஊகிக்கவேண்டும். தேய்ந்த எழுத்து இரண்டே என்றால் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஐந்து என்றால் விட்டுவிடுங்கள்.

நவம்பர் 4, காலை 7.25

அதே ஸ்டிக்கருக்கு ஒரு சேர்க்கை. விண்டோஸ் 7, 8 கீயைக் கொண்டு 10 அல்லது 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. அதற்கு முன்பே அந்தக் கணினியில் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் டிஜிட்டல் லைசென்ஸ் செல்லும். இல்லையென்றால் அவ்வளவு கண் வலிக்கத் தேய்ந்த எழுத்தைப் படித்ததற்குப் பலன் இல்லை. இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

நவம்பர் 4, இரவு 9.00

இனி விண்டோஸ் அல்லாதவை. உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

மென்பொருள் 'இது அதே கணினியா' என்று எதை வைத்துப் பார்க்கிறது? வழக்கமாக இவற்றில் ஒன்றோ பலவோ:

மதர்போர்டின் யுயுஐடி என்ற தனி அடையாள எண். ஃபார்மேட்டால் மாறாது. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. மாறாது, ஆனால் இதில் தொல்லை உண்டு, பிறகு வருகிறேன். டிஸ்கின் தொழிற்சாலை சீரியல். மாறாது. சி டிரைவின் வால்யூம் சீரியல். மாறும். ரெஜிஸ்ட்ரியில் மெஷின்கைடு என்ற அடையாள எண். மாறும். விண்டோஸ் புதிதாக நிறுவும்போது உருவாவது அது. லினக்ஸில் அதற்கு இணை /ஈடிசி/மெஷின்-ஐடி, அதுவும் மாறும்.

வால்யூம் சீரியலை நேரில் பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டில் 'வால் சி:' என்று அடியுங்கள். 3ஏ7சி-19எஃப்2 என்பது போல எட்டு எழுத்து வரும். ஃபார்மேட் அடித்த தேதி, நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது அது. அதே டிஸ்க், அதே பார்ட்டிஷன், பத்து நிமிடம் கழித்து மறுபடி ஃபார்மேட் அடித்தால் வேறு எண். பொறியியல் மென்பொருள் லைசென்ஸ் கோப்புகளை நோட்பேடில் திறந்தால் 'ஹோஸ்ட்ஐடி=டிஸ்க்_சீரியல்_நம்=3ஏ7சி19எஃப்2' என்ற மாதிரி ஒரு துண்டு கண்ணில் படும். நடுக்கோடு இருக்காது, எண் அதேதான். அந்த வரி இருந்தால் ஃபார்மேட்டுக்குப் பிறகு அந்தக் கோப்பு செத்தது. பிரதி எடுத்து வைத்துப் பயனில்லை. விற்றவரின் இணையப் பக்கத்தில் புதிய ஹோஸ்ட் ஐடி (எந்தக் கணினிக்கு லைசென்ஸ் என்று காட்டும் எண்) கொடுத்து வேறு கோப்பு வாங்கவேண்டும்.

ஹோஸ்ட்ஐடி என்பதற்குப் பக்கத்தில் 12 எழுத்து இருந்தால் அது மேக் முகவரி. அந்தக் கோப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், புதிய ஓஎஸ்ஸில் அப்படியே ஓடும்.

நவம்பர் 5, காலை 6.45

நேற்று இரவு 'ஃபார்மேட் அடித்தால் மாறும்' என்று எழுதியதைச் சற்றுத் திருத்தவேண்டும். விண்டோஸ் மறுபடி நிறுவுவது வேறு, ஃபார்மேட் அடிப்பது வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லாகப் பேசுகிறோம்.

பென்டிரைவில் ஏறி பார்ட்டிஷனை டெலீட் செய்து நிறுவினால் வால்யூம் சீரியல், மெஷின்கைடு இரண்டும் மாறும். டெலீட் செய்யாமல் அதே பார்ட்டிஷனைத் தேர்ந்து நெக்ஸ்ட் அழுத்தினால் பழையது விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டருக்குப் போகும். வால்யூம் சீரியல் அப்படியே, மெஷின்கைடு மட்டும் புதிது. செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', 'கீப் மை ஃபைல்ஸ்' போட்டாலும் சி டிரைவ் ஃபார்மேட் ஆவதில்லை. நிரல்கள் போய்விடும், என்னென்ன போனது என்ற பட்டியல் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே ஐஎஸ்ஓ-வைத் திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் நிரல்களும் இருக்கட்டும் என்று தேர்ந்தால் பெரும்பாலான லைசென்ஸ்கள் அசையாது. விண்டோஸ் 11-இல் சிஸ்டம், ரெக்கவரிக்குள் 'ரீஇன்ஸ்டால் நவ்' என்று இருப்பதும் இதே வேலைதான். ஓஎஸ் கோப்புகள் கெட்டதற்காகத்தான் மறுபடி போடுகிறீர்கள் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். வைரஸ் என்றால் வேண்டாம், சுத்தமாகத் துடைப்பதே சரி.

நவம்பர் 5, காலை 6.50

விண்டோஸ்.ஓல்டு பத்து நாளில் தானே அழிந்துவிடும். அதற்குள் உள்ளே இருக்கும் புரோகிராம்டேட்டாவிலிருந்து லைசென்ஸ் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கிளீனப் ஓட்டினால் பத்து நாள்கூட இருக்காது.

நவம்பர் 5, மதியம் 1.15 – கேட்டவர்

எஸ்எஸ்டி-யும் மாற்றப் போகிறேன். பழைய டிஸ்கை அப்படியே க்ளோன் எடுத்தால்?

நவம்பர் 5, மதியம் 1.40

செக்டர் செக்டராக எடுக்கும் க்ளோனில் வால்யூம் சீரியலும் மெஷின்கைடும் கூடவே வரும். டிஸ்கின் தொழிற்சாலை சீரியல் மாறும். முதல் வகையைப் பார்க்கும் மென்பொருள் கண்டுகொள்ளாது, இரண்டாவதைப் பார்ப்பது முறுக்கிக்கொள்ளும். விண்டோஸுக்கு டிஸ்க் மாறுவது பொருட்டல்ல.

நவம்பர் 5, இரவு 8.30

துடைப்பதற்கு முன் செய்யவேண்டியவை. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்.

அடோபி: ஒரு கணக்கு இரண்டு கணினியில் ஆக்டிவேட் ஆகியிருக்கலாம். சைன் அவுட் செய்துவிட்டுத் துடையுங்கள். மறந்துவிட்டாலும் புதிய கணினியில் நுழையும்போது பழையதைக் கழற்றவா என்று அதுவே கேட்கும். இதில் பதற்றம் வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் 365: எத்தனை கருவியில் வேண்டுமானாலும் நிறுவலாம், ஒருவர் ஒரே சமயத்தில் ஐந்தில் நுழைந்திருக்கலாம். ஒருமுறை வாங்கிய ஆஃபீஸ் 2013-உம் அதற்குப் பிந்தையவையும் என்றால், அட்டையில் வந்த கீ முதல்முறை பதிந்தபோதே ஒரு மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்துவிட்டது. மறுபடி அந்தக் கீயைப் போட்டால் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்றுதான் வரும். அதைப் பார்த்துக் கீ போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் நுழைந்து அங்கிருந்து நிறுவவேண்டும். ஆகவே எழுதி வைக்கவேண்டியது கீயை அல்ல, எந்த மின்னஞ்சல் என்பதை. எது என்று நினைவில்லையென்றால் துடைப்பதற்கு முன் வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுண்ட் பாருங்கள். துடைத்த பிறகு பார்க்க எதுவும் இருக்காது.

மேட்லேப்: தனிநபர் லைசென்ஸ் என்றால் கணக்குப் பக்கத்தில் பழைய கணினியை டீஆக்டிவேட் செய்யலாம்.

ஐலாக்: இசை மென்பொருள் வைத்திருப்பவர்கள் கவனம். லைசென்ஸ் யுஎஸ்பியிலோ கிளவுடிலோ இருந்தால் கவலையில்லை. கணினியின் மேலேயே ஏற்றியிருந்தால் மேனேஜரைத் திறந்து டீஆக்டிவேட் செய்தே ஆகவேண்டும். துடைத்துவிட்டால் அந்த ஆக்டிவேஷன் காற்றில் தொங்கும்.

டாங்கிள்: லைசென்ஸ் யுஎஸ்பிக்குள் இருப்பது என்றால் டிரைவரை மட்டும் மறுபடி நிறுவினால் சரி. சென்டினல் வகையில் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 1947 திறந்தால் டாங்கிள் தெரிகிறதா என்று பார்க்கலாம். அதே பக்கத்தில் எஸ்எல் என்று குறிப்போடு ஒரு கீ தெரிந்தால் எச்சரிக்கை, அது யுஎஸ்பியில் இல்லை, உங்கள் டிஸ்கில் இருக்கிறது. துடைப்பதற்கு முன் விற்றவர் தரும் கருவியால் அதை வெளியே மாற்றவேண்டும்.

ஆப்பிள் மியூசிக், ஐடியூன்ஸ்: ஐந்து கணினி. டீஆதரைஸ் செய்ய மறந்தால் 'டீஆதரைஸ் ஆல்' உண்டு, ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான்.

ரெட்ஹேட்: சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் அன்ரெஜிஸ்டர். உபுண்டு ப்ரோ: ப்ரோ டிடாச். தனிநபருக்கு இலவசமாக ஐந்து கணினிதான் என்பதால் இதுவும் எண்ணிக்கையில் வரும்.

நவம்பர் 5, இரவு 8.55

பெரியதை விட்டுவிட்டேன். பிட்லாக்கர், டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி.

சி டிரைவை மட்டும் துடைக்கிறீர்கள், டி-யில் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். டி-யும் என்கிரிப்ட் ஆகியிருந்தால் புதிய விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். லைசென்ஸையாவது கெஞ்சி வாங்கலாம்; இதை மைக்ரோசாஃப்ட்டாலும் தரமுடியாது, உங்கள் கணக்கில் சேமித்திருந்தால் ஒழிய. 'மேனேஜ்-பிடிஈ -ஸ்டேட்டஸ்' அடித்து ஒவ்வொரு டிரைவின் நிலையும் பாருங்கள். என்கிரிப்ட் ஆகியிருந்தால் 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதுங்கள். அதே டிஸ்கில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பவர்களும் உண்டு. பூட்டுக்குள் சாவி.

நவம்பர் 7, காலை 10.05 – கேட்டவர்

துடைத்தாயிற்று. எல்லாம் முன்பே டீஆக்டிவேட் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்டோஸே ஆக்டிவேட் ஆகவில்லை. தேவையில்லை என்று நீங்கள் சொன்ன ஒன்றேதான் மாட்டியிருக்கிறது. 0எக்ஸ்80072எஃப்8எஃப்.

நவம்பர் 7, காலை 10.12

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி, நேரம், டைம் சோன் மூன்றும். அந்தப் பிழை எண் வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது நேரத்தைத்தான். சர்வரின் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது என்று கணினி நினைக்கும், பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. நேரம் சரியானதும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ'. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி முடிந்துவிட்டது.

நவம்பர் 7, காலை 10.31 – கேட்டவர்

வருடம் 2019 என்று காட்டியது. ஆயிற்று. பேட்டரி வாங்கப் போகிறேன்.

நவம்பர் 7, மதியம் 3.20

மற்ற பிழை எண்களையும் ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன், தேடி வருபவர்களுக்கு.

0எக்ஸ்சி004எஃப்211: வன்பொருள் மாறிவிட்டது என்கிறது. மதர்போர்டு மாற்றியிருப்பீர்கள். டிஜிட்டல் லைசென்ஸை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட், 'ஐ சேஞ்ச்டு ஹார்ட்வேர்' என்று போய்ப் பட்டியலில் பழைய கணினியைத் தேர்ந்தால் முடியும். இணைக்கவில்லையென்றால் அந்தப் பட்டியலில் ஒன்றும் இருக்காது. லேப்டாப்போடு வந்த ஓஈஎம் லைசென்ஸ் வேறு மதர்போர்டுக்கு மாறாது.

0எக்ஸ்சி004சி008: கீயை அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் போட்டாயிற்று.

0எக்ஸ்சி004சி003: கீயை முடக்கிவிட்டார்கள்.

0எக்ஸ்சி004சி020: இது எம்ஏகே (மல்டிபிள் ஆக்டிவேஷன் கீ) வகை மொத்தக் கீ, எண்ணிக்கை தீர்ந்தது. தனி ஆளாகிய உங்களுக்கு இந்த எண் வந்தால், யாரோ ஒரு நிறுவனத்தின் கீயைத் துண்டு போட்டு உங்களிடம் விற்றிருக்கிறார்கள். முதல்முறை ஓடும், மறுபடி போட்டால் தெரியும் சேதி.

0எக்ஸ்சி004எஃப்074, 0எக்ஸ்8007232பி: அலுவலகக் கணினிகளை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வரைத் தேடுகிறது. வீட்டில் உட்கார்ந்து அலுவலகக் கணினியைத் துடைத்தவர்களுக்கு வருவது. விபிஎன் போட்டுவிட்டு /ஏடிஓ. அந்த ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும், 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும்.

எந்த வகை லைசென்ஸ் என்றே தெரியவில்லையா? துடைப்பதற்கு முன் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி' அடித்து வரும் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். ரீடெய்ல், ஓஈஎம்_டிஎம், வால்யூம்_எம்ஏகே, வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட் இவற்றில் ஒன்று அதில் இருக்கும். கூடவே கீயின் கடைசி ஐந்து எழுத்தும்.

நவம்பர் 7, மதியம் 3.35

போனில் ஆக்டிவேட் செய்வது பற்றிக் கேட்டவருக்கு. 'எஸ்எல்யுஐ 4' என்று ஓட்டினால் 63 இலக்க இன்ஸ்டலேஷன் ஐடி வரும், ஏழு ஏழாக ஒன்பது கூட்டம். பதிலுக்கு 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டு. நடுவில் அந்தப் பெட்டியை மூடாதீர்கள். 

நவம்பர் 8, இரவு 9.40

மேக் முகவரிக்கு வருகிறேன் என்றேன், வரவில்லை.

லைசென்ஸ் கோப்பு எந்த நெட்வொர்க் கார்டை வைத்து எடுக்கப்பட்டது என்பதில்தான் தகராறு. யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் செருகியிருந்தபோது எடுத்த ஹோஸ்ட் ஐடி அந்த அடாப்டருடையது. அது மேசை டிராயரில் கிடந்தால் மென்பொருள் ஓடாது. லேப்டாப் டாக்கிங் ஸ்டேஷனுக்கும் இதேதான். வைஃபையில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' போட்டிருந்தால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். விபிஎன்னும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளும் தம் பங்குக்கு விர்ச்சுவல் கார்டுகளைச் சேர்க்கும்.

ஆகையால் துடைத்த பிறகு வரிசை இப்படி: பயாஸ் புதுப்பிப்பதென்றால் அதுதான் முதலில். பிறகு சிப்செட், நெட்வொர்க் டிரைவர்கள். விண்டோஸ் அப்டேட். நேரம். கணினிக்குப் பெயர், ஏனென்றால் விற்றவரின் பக்கத்தில் பழையதும் புதியதும் அந்தப் பெயரில்தான் தெரியும், டெஸ்க்டாப்-க்குப் பின்னால் ஏழு எழுத்துக் குப்பையோடு இரண்டு இருந்தால் எதைக் கழற்றுவது என்று தெரியாது. ரேண்டம் முகவரியை அணையுங்கள். அதற்குப் பிறகு மென்பொருள் ஆக்டிவேஷன். விபிஎன், விர்ச்சுவல் மெஷின் எல்லாம் கடைசியில்.

நவம்பர் 8, இரவு 9.55

சில மதர்போர்டுகளில் சீரியல் இருக்கவேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.' என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். நிரப்பவேண்டியவர் நிரப்பவில்லை. அதையே கைரேகையாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் இருக்கிறது. அதன் கண்ணுக்கு அப்படிப்பட்ட போர்டுகள் எல்லாம் ஒரே கணினி.

நவம்பர் 9, காலை 8.20

டீஆக்டிவேட் செய்யாமல் துடைத்துவிட்டேன், டிஸ்க் செத்துப்போய்விட்டது, இப்போது என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் விற்றவரின் கணக்குப் பக்கத்தில் 'டிவைசஸ்' அல்லது 'ஆக்டிவேஷன்ஸ்' தேடுங்கள். தூரத்திலிருந்தே கழற்றும் வசதி பலவற்றில் வந்துவிட்டது. இல்லையென்றால் ஆதரவுக்கு எழுதவேண்டியதுதான். "என் மென்பொருள் வேலை செய்யவில்லை, உடனே உதவவும்" என்று எழுதினால் நான்கு நாள் கேள்வி பதிலிலேயே போகும். முதல் மடலிலேயே இவை இருக்கட்டும்: வாங்கிய ஆர்டர் எண், பதிந்த மின்னஞ்சல், மென்பொருளின் துல்லியமான வெர்ஷன், கீயின் கடைசி ஐந்து எழுத்து, பழைய ஹோஸ்ட் ஐடி இருந்தால் அது, புதிய ஹோஸ்ட் ஐடி, துடைத்த தேதி, திரையில் வந்த பிழையின் படம். கடைசியில் ஒரே வரி: "பழைய நிறுவல் அழிந்துவிட்டது, அதை இனி இயக்க வழியில்லை, ஒரு ஆக்டிவேஷனை விடுவித்துத் தரவும்." முழுக் கீயை மடலில் போடாதீர்கள்.

இணையம் இல்லாத கணினியில் கோரிக்கைக் கோப்பு அனுப்பிப் பதில் கோப்பு வாங்கும் வகை என்றால், பழைய பதில் கோப்பைத் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். அது பழைய நிறுவலின் கோரிக்கைக்கு மட்டுமே பொருந்தும். புதிதாகக் கோரிக்கை உருவாக்கவேண்டும்.

நவம்பர் 9, மாலை 5.10

சர்வரே இல்லாதவை? அடோபியின் சிஎஸ்2, சிஎஸ்3, சிஎஸ்4 ஆக்டிவேஷன் சர்வர்கள் ஓய்வு பெற்றுவிட்டன. அசல் டிஸ்க், அசல் கீ இரண்டும் இருந்தாலும் மறுபடி நிறுவமுடியாது. இப்படிப்பட்ட ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் துடைக்கவே வேண்டாம். முழு டிஸ்க் இமேஜ் எடுத்து வையுங்கள். அதே வன்பொருளில் திரும்ப ஏற்றினால் லைசென்ஸும் சேர்ந்து வரும்.

விர்ச்சுவல் மெஷினில் வைத்திருந்தால் இன்னும் சௌகரியம், ஒரு கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லவேண்டும். விஎம்வேர் ஃபோல்டரை வேறு கணினிக்கு எடுத்துப்போய்த் திறந்தால் 'மூவ்டு' ஆ (இடம் மாற்றியதா) 'காப்பிட்' ஆ (பிரதி எடுத்ததா) என்று கேட்கும். நாம் செய்தது காப்பிதான், ஆகவே உண்மையைச் சொல்லத்தான் தோன்றும். உண்மையைச் சொன்னால் யுயுஐடி-யும் மேக் முகவரியும் புதிதாக உருவாகி லைசென்ஸ் போய்விடும். பழையதை இனி ஓட்டப்போவதில்லை என்றால் 'மூவ்டு'.

நவம்பர் 10, காலை 7.30 – கேட்டவர்

பேட்டரி மாற்றியாயிற்று. ஒரு லைசென்ஸ் கோப்பு மட்டும் ஓடவில்லை. ஹோஸ்ட்ஐடி பக்கத்தில் 12 எழுத்துதான் இருக்கிறது, நீங்கள் சொன்னபடி அப்படியே ஓடியிருக்கவேண்டும்.

நவம்பர் 10, காலை 7.42

'கெட்மேக் /வி' அடித்து அந்த 12 எழுத்து பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கார்டுக்கு டிரைவர் ஏறவில்லை, அல்லது பயாஸில் ஆன்போர்டு லேன் அணைந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றியபோது பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும்.

நவம்பர் 10, காலை 7.44

பேட்டரி மாற்றிய பிறகு நேரத்தை இன்னொரு முறை சரிபார்க்கவும். டிஸ்க் மோடு முன்பு ரெய்டாக இருந்து இப்போது ஏஎச்சிஐ ஆகியிருந்தால் விண்டோஸே கிளம்பியிருக்காது, எனவே அது இல்லை. லேன்தான்.